டர்போ கடையில் கிடைக்கும், மேனிஃபோல்டைத்தான் செய்ய வேண்டும்

ஜீப்புக்கு டர்போ போட்டிருக்கிறோம் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு பூஸ்ட்?" என்றுதான். அடுத்தது "என்ன செலவாச்சு?" (எக்ஸாஸ்ட் புகையின் விசையில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி டர்போ. பூஸ்ட் என்பது அந்த அழுத்தம்.) டர்போவுக்குள் போகிற ஆயில் எந்த வழியாக, எந்தச் சரிவில் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குத் திரும்புகிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதைப் பற்றித்தான் பேசவேண்டும் போலிருக்கும். வேறு வண்டியின் டர்போவைக் கொண்டுவந்து ஒரு டீசல் இன்ஜினில் பூட்டும்போது, காசு கொடுத்து வாங்குகிற பொருள் டர்போ ஒன்றுதான். அதைச் சுற்றியிருக்கும் ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு), குழாய், பிராக்கெட், ஆயில் வழி எல்லாவற்றையும் நாமே செய்தாக வேண்டும். டர்போ நிற்பதும் போவதும் அவற்றின் கையில்தான் இருக்கிறது.

வண்டி என் மாமாவுடையது. பழைய மஹிந்திரா கமாண்டர். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ளேயே ஓடுவது. தேங்காய், மட்டை, உர மூட்டை என்று பின்னால் ஒரு டிரெய்லர் எப்போதும் இருக்கும். தோப்பின் பின்பக்கம் நிலம் மேடாக ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் சுமையோடு முதல் கியரை விட்டு இரண்டாவதுக்குப் போனால் இன்ஜின் திணறும். "வேகமெல்லாம் வேண்டாமப்பா, ஏத்தத்துல மூச்சு வாங்காம இருந்தாப் போதும்" என்றார் மாமா. வேலைக்கான அளவுகோல் அதுதான். ரேஸ் வண்டி இல்லை, குறைந்த ஆர்.பி.எம்மில் இழுவை வேண்டும்.

இன்ஜின் 2523 சிசி, நான்கு சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். போர் 88.9 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 101.6 மில்லிமீட்டர். இந்த எண்களை அங்குலத்தில் போட்டுப் பார்த்தால் மூன்றரையும் நான்கும் வரும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் பி-414 டிராக்டர் இன்ஜினுக்கும் இதே அளவுதான். மஹிந்திரா 1963இல் அந்தக் கம்பெனியோடு சேர்ந்துதான் டிராக்டர் செய்யத் தொடங்கியது. உழவுக்குப் பிறந்த பரம்பரை என்பதால் இதற்கு அவசரம் தெரியாது, ஆனால் கனமான இரும்பு. 2010இல் வந்த தார் டிஐயில் இதே 2523 சிசி இன்ஜினை கம்பெனியே டர்போவோடு கொடுத்தது. அதற்கும் 63 குதிரைத் திறன்தான் சொன்னார்கள். கம்பெனி ஏன் அதோடு நிறுத்திக்கொண்டது என்பதை யோசித்துப் பார்ப்பது நல்லது.

1978இல் மெர்சிடிஸ் 300 எஸ்டி வந்தது. ஆலையிலேயே டர்போவோடு வந்த முதல் டீசல் கார் அது. அந்த ஐந்து சிலிண்டர் இன்ஜினில் அவர்கள் டர்போவை மட்டும் மாட்டிவிடவில்லை. பிஸ்டனின் அடியில் ஆயிலைப் பீய்ச்சும் ஜெட் வைத்தார்கள், எக்ஸாஸ்ட் வால்வுக்குள் சோடியம் நிரப்பினார்கள். கூடுதல் காற்றோடு கூடுதல் டீசல், கூடுதல் டீசலோடு கூடுதல் சூடு. அந்தச் சூடு போக ஒரு வழி வேண்டும். நாம் பட்டறையில் வைத்து வெளியிலிருந்து டர்போ பூட்டும்போது பிஸ்டனுக்குள் எதையும் மாற்றப் போவதில்லை. ஆகவே பூஸ்ட் 0.7 பார், அதற்கு மேல் கிடையாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். மற்ற எல்லா அளவும் அதிலிருந்து வந்தவை.

தார் டிஐயின் டர்போவும், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து அதற்கு அனுப்பும் மேனிஃபோல்டும் ஜோடியாகக் கிடைத்திருந்தால் வேலை சுலபமாகியிருக்கும். பழைய பார்ட்ஸ் கடைகளில் பார்த்த மேனிஃபோல்டுகள் வெடிப்பு விட்டிருந்தன, டர்போக்களின் ஷாஃப்ட் தொட்டாலே ஆடியது. கடைசியில் ஒரு 2.5 லிட்டர் வேனிலிருந்து கழற்றிய டர்போ நல்ல நிலையில் கிடைத்தது. பூஸ்ட் மிஞ்சினால் புகையை டர்போவைச் சுற்றாமல் திருப்பிவிடும் கதவு, அதாவது வேஸ்ட்கேட், வைத்த சாதாரண ரகம். பக்கத்திலேயே விஜிடி டர்போ ஒன்று இன்னும் புதிதாகவே கிடந்தது. அதன் இறக்கைகளை எந்த நேரத்தில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்ல ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். தோப்பு ஜீப்புக்கு அது தேவையில்லை.

டர்போ பொருந்துமா என்பதை ஒரு தாளில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். 3200 ஆர்.பி.எம்மில் நிமிடத்துக்கு 1600 முறை, ஒவ்வொரு முறையும் 2.523 லிட்டர். சிலிண்டர் முழுக்க நிரம்பாது, 85 சதவீதம் என்று வைத்தால் சுமார் 3430 லிட்டர். நம் ஊர் 35 டிகிரி காற்றில் இதன் எடை நிமிடத்துக்கு 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 0.7 பார் பூஸ்ட் கொடுத்து, அழுத்திய காற்றை 60 டிகிரிக்கு ஆற்றி அனுப்பினால் 6 கிலோவைத் தொடும். அந்த 6 கிலோ டர்போவின் கம்ப்ரசர் மேப்பில் (எவ்வளவு காற்றை எந்த அழுத்தத்தில் நன்றாகத் தள்ளும் என்று காட்டும் வரைபடம்) எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். இன்னொரு புள்ளியும் உண்டு, நமக்கு அதுதான் முக்கியம். 1800 ஆர்.பி.எம்மில் காற்று மூன்றரைக் கிலோவுக்கும் குறைவு. அந்த இடத்திலும் டர்போ சிரமமில்லாமல் சுற்ற வேண்டும். லாரி டர்போ ஒன்றைத் தூக்கி வைத்தால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் ஏற்றம் முடிந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். ரொம்பச் சின்னதாக வைத்தால் மேல் ஆர்.பி.எம்மில் எக்ஸாஸ்ட் வெளியேற முடியாமல் முட்டும், டர்போவும் அளவுக்கு மீறிச் சுற்றும்.

வாங்குவதற்கு முன் ஷாஃப்ட்டைச் சோதிக்க வேண்டும். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயப்பட வேண்டியதில்லை. ஆயில் படலத்தின் மேல் மிதக்கிற பேரிங் அது, ஆயில் இல்லாதபோது கொஞ்சம் ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னும் நகர்வதைத்தான் டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். 0.1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நம்பலாம். அப்புறம் கம்ப்ரசர் வீலின் இறக்கை நுனிகளைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். நுனி தேய்ந்திருந்தால் அது கூட்டில் உரசியிருக்கிறது, மண்ணும் தின்றிருக்கலாம். அதை வாங்கக் கூடாது.

இனிதான் நிஜமான வேலை. இன்ஜினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குழாயைக் கீழே பார்த்து அனுப்புகிறது, டர்போவுக்கு அங்கே இடமில்லை. டர்போவின் ஃபிளேஞ்ச் மூன்று போல்ட் முக்கோணம். எதுவும் எதோடும் ஒட்டாது. பழைய வார்ப்பு மேனிஃபோல்டை அறுத்து அதன் மேலேயே ஃபிளேஞ்சை வெல்டிங் செய்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நிக்கல் ராடு வைத்து, மேனிஃபோல்டு முழுவதையும் சூடாக்கி, வெல்டிங் முடிந்ததும் சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டால் வார்ப்பிரும்பும் ஒட்டும்தான். ஆனால் அந்த ஒட்டின் மேல் ஐந்தாறு கிலோ டர்போ தொங்கி, தினமும் சூடாகி ஆறினால், வெல்டிங்குக்குப் பக்கத்தில் வெடிப்பு வரும். எனவே புதிதாகவே ஒன்று செய்வது என்று தீர்மானம்.

எதில் செய்வது? ஸ்டெயின்லெஸ் போட்டால் துருப்பிடிக்காது, பளபளப்பாகவும் இருக்கும் என்று பலரும் சொன்னார்கள். சூட்டில் 304 ஸ்டெயின்லெஸ் நீளும் அளவை யாரும் சொல்வதில்லை. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள மேனிஃபோல்டு 500 டிகிரி சூடேறினால் ஸ்டெயின்லெஸ் கிட்டத்தட்ட மூன்றரை மில்லிமீட்டர் நீளும். சாதாரண மைல்டு ஸ்டீல் மூன்றுக்குள் நிற்கும். வார்ப்பிரும்பு இன்னும் கொஞ்சம் குறைவு. மேனிஃபோல்டு பூட்டியிருக்கும் சிலிண்டர் ஹெட்டோ தண்ணீர் ஓடுவதால் 90 டிகிரியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இந்த வித்தியாசம்தான் ஸ்டட் போல்ட்டை முறிக்கிறது, கேஸ்கட்டைத் தின்கிறது. டீசல் எக்ஸாஸ்ட் பெட்ரோல் அளவுக்குச் சூடாவதில்லை, அதுவும் தோப்பு வேலையில் முழுச் சுமை கொஞ்ச நேரம்தான். ஆகவே தடித்த சுவருள்ள மைல்டு ஸ்டீல். கோவையில் எந்த இரும்புக் கடையிலும் ஒன்றேகால் அங்குல சி கிளாஸ் பைப்பும், அதற்கான வெல்டிங் எல்போவும் கிடைக்கும். வாங்கும்போது கருப்பு பைப்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்தவருக்கு அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் வரும்.

ஹெட் பக்கத்து ஃபிளேஞ்சுக்கு 12 மில்லிமீட்டர் பலகை. பழைய கேஸ்கட்டை அட்டையில் வைத்து வரைந்து, லேசர் கட்டிங் கடையில் வெட்டி வாங்கினேன். ஸ்டட் ஓட்டைகளை ஒரு அளவு பெரிதாக வைக்கச் சொன்னேன், நீளும்போது நகர இடம் வேண்டும். நடு ஓட்டை மட்டும் சரியான அளவு, அங்கிருந்து இருபுறமும் விரியட்டும் என்று.

வெல்டிங் கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறையில். அந்த வெல்டர் அண்ணன் பலகையைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "பழைய ஹெட் ஒண்ணு இருக்குங்களா?" என்பது. நல்ல வேளையாக இருந்தது. வெடித்துப்போன ஹெட் ஒன்றைப் பழைய இரும்புக் கடையிலிருந்து அதற்காகவே எடுத்து வைத்திருந்தேன். அதன் மேல் பலகையைப் பூட்டி, எல்லா நட்டையும் இறுக்கிய பிறகுதான் அவர் டார்ச்சை எடுத்தார்.

"தம்பி, இதை ஒரே மூச்சுல இழுத்தோம்னு வைங்க, பலகை வாழப்பழமாட்ட வளைஞ்சுக்கும்ங்க. மொதல்ல புள்ளி வெச்சுக்கலாம். அப்பறம் இந்தக் கோடில கொஞ்சம், அந்தக் கோடில கொஞ்சம்."

அப்படியே செய்தார். முதல் குழாயில் ஒரு அங்குலம், அப்புறம் நான்காவதில் ஒரு அங்குலம், பிறகு இரண்டாவது. நடுவில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார், பலகை தானாக ஆறட்டும் என்று. ஈரத்துணி போட அனுமதிக்கவில்லை. முடிந்த பிறகு பழைய ஹெட்டிலிருந்து கழற்றி ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அடியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தோம். இரண்டு ஓரங்களும் லேசாகத் தூக்கியிருந்தன. அண்ணன் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தார். மில்லிங் மெஷினில் ஒரு நடை ஓட்டியதும் முகம் முழுக்க ஒரே பளபளப்பாக வந்தது. அதற்காகத்தான் 12 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் பலகை என்றால் இழைப்பதற்கு மிச்சம் இருந்திருக்காது. கடைசியாக, அடுத்தடுத்த துளைகளுக்கு நடுவே பலகையைக் குறுக்காக அறுத்துவிட்டோம். நான்கு துளைக்கும் தனித்தனி ஃபிளேஞ்ச் மாதிரி ஆகிவிட்டால் ஒன்றின் நீட்சி இன்னொன்றைத் தள்ளாது.

டர்போ உட்காரும் முக்கோண ஃபிளேஞ்சை எங்கே நிறுத்துவது என்பதற்குத்தான் அதிக நேரம் போனது. டர்போவை ஒரு கயிற்றில் கட்டி இன்ஜின் மேல் தொங்கவிட்டு, மேலே, கீழே, முன்னே, பின்னே என்று நகர்த்திப் பார்த்தோம். பானட் மூட வேண்டும். புகை நுழையும் டர்பைன் பக்கத்துச் சூடு பிரேக் பைப்பையும் வயரையும் தொடக் கூடாது. புகையை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப் இறங்க வழி வேண்டும். இவை எல்லாம் எல்லோரும் பார்க்கிறவை. விட்டுப்போவது ஸ்பேனர். மூன்று நட்டில் இரண்டு சுலபமாகத் தெரியும், மூன்றாவது நட் குழாய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதை இறுக்க ரிங் ஸ்பேனர் போகுமா, போனால் எத்தனை டிகிரி திரும்பும் என்பதைப் புள்ளி வெல்டிங் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். சூட்டில் தளரும் நட் அதுவாகத்தான் இருக்கும்.

டர்போவின் எடையை மேனிஃபோல்டு மட்டும் சுமக்கக் கூடாது. அடியில் ஒரு பிராக்கெட் கொடுத்து இன்ஜின் பிளாக்கில் இருந்த காலி போல்ட் துளையில் பூட்டினோம். சேஸில் பூட்டக் கூடாது. இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடுகிறது, சேஸ் ஆடுவதில்லை. இரண்டையும் ஒரு இரும்பால் இணைத்தால் எது மெலிந்ததோ அது முறியும். அதே காரணத்துக்காக டவுன்பைப்பில் வளைந்துகொடுக்கும் ஒரு பெல்லோஸ் வைத்தோம்.

டர்போவைத் திருப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் இரண்டு கூடுகளும் நடுவில் இருக்கும் பேரிங் உடம்போடு போல்ட்டாலோ கிளிப்பாலோ பிடித்திருக்கும். அவற்றைத் தளர்த்தினால் ஒவ்வொன்றையும் வேண்டிய திசைக்குத் திருப்பலாம். வேனில் ஒரு பக்கம் பார்த்திருந்த காற்று வாய், ஜீப்பில் வேறு பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது. திருப்பியதும் வேஸ்ட்கேட்டைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டரின் பிராக்கெட் பொருந்தாமல் போகும், 4 மில்லிமீட்டர் தகட்டில் புதிதாக ஒன்று வளைத்தோம். நடு உடம்பை மட்டும் இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. ஆயில் மேலிருந்து நுழைந்து கீழே விழ வேண்டும். ஆயில் இறங்கும் வாய் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்குள் இருக்கட்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். ஏற்றத்தில் ஓடும் வண்டிக்கு அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளக் கூடாது, முடிந்தவரை நேராகவே வைக்க வேண்டும்.

இப்போது அந்த ஆயில் குழாய். டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்த வேகத்துக்கு ரப்பர் ஆயில் சீல் தாங்காது. இருபுறமும் பிஸ்டன் ரிங் வகையைச் சேர்ந்த மெல்லிய இரும்பு வளையங்கள்தான் இருக்கின்றன. அவை ஆயிலை முழுசாக அடைத்து நிறுத்துவதில்லை. உள்ளே வந்த ஆயில் உடனே கீழே வடிந்துவிடுகிறது, வளையத்தைத் தேடிப் போக அதற்கு நேரமில்லை. வடியும் வழி கொஞ்சம் அடைத்தாலும் ஆயில் உடம்புக்குள் தேங்கி, வளையத்தைத் தாண்டி, ஒரு பக்கம் எக்ஸாஸ்ட்டுக்கும் மறுபக்கம் இன்ஜின் இழுக்கும் காற்றுக்கும் போய்ச் சேரும். நீலப்புகை வரும். "டர்போ சீல் போச்சு" என்பார்கள். வேறு டர்போ வாங்கிப் போடுவார்கள். அதுவும் ஆயில் கக்கும். நல்ல டர்போக்கள் எத்தனையோ இப்படிப் பழைய இரும்பாகிப் போயிருக்கின்றன என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ஆயில் உள்ளே போவது சின்னக் குழாயில், இன்ஜினின் அழுத்தத்தில். நான்கு மில்லிமீட்டர் உள்துளை போதும். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டீ ஜாயின்ட் போட்டு எடுத்தோம். செப்புக் குழாய் போடாதீர்கள், அதிர்வில் நாளடைவில் இறுகி வெடிக்கும். ஜேசிபிக்கு ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடையில், உள்ளே டெஃப்லான், வெளியே ஸ்டீல் பின்னல் உள்ள ஹோஸ் கேட்டு வாங்கலாம். சாதாரண ரப்பர் ஹைட்ராலிக் ஹோஸ் டர்பைன் சூட்டுக்குப் பக்கத்தில் நிற்காது. ஜாயின்ட்டில் சிலிக்கான் பேஸ்ட் தடவும் பழக்கம் இங்கே எல்லா மெக்கானிக்குக்கும் உண்டு. இந்தக் குழாயில் மட்டும் வேண்டாம். அரிசி அளவு பேஸ்ட் உதிர்ந்து நான்கு மில்லிமீட்டர் துளையில் உட்கார்ந்தால் பேரிங் சில நிமிடங்களில் தீய்ந்துவிடும். செப்பு வாஷர் போதும்.

திரும்பும் ஆயிலுக்கு அழுத்தம் கிடையாது. நுரைத்துப்போய், தன் எடையால் மட்டுமே விழுகிறது. அதற்குக் குறைந்தது 16 மில்லிமீட்டர் உள்துளை வேண்டும், நான் அதைவிடப் பெரிதாகவே வைத்தேன். வழியில் எங்கும் குழி விழக் கூடாது, மேலேறக் கூடாது, படுக்கையாகவும் ஓடக் கூடாது. சம்ப்பில் அது சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கிராங்க் சுற்றி ஆயிலை வாரி இறைக்கும் இடத்துக்கு நேராகவும் இருக்கக் கூடாது. இவ்வளவுக்கும் பொருந்தும் இடம் சம்ப்பில் உள்ளங்கை அளவுதான் இருந்தது.

சம்ப்பைக் கழற்றி, டீசலில் கழுவி, டிப் ஸ்டிக் அளவை வெளியே சாக்பீஸால் கோடாகப் போட்டுக்கொண்டோம். கோட்டுக்கு மேலே துளை போட்டு, ஒரு அங்குல பைப் சாக்கெட்டைப் பாதியாக அறுத்து வெல்டிங் செய்தார் அண்ணன். தகடு மெல்லியது, ஓட்டை விழுந்துவிடாமல் டிக் வெல்டிங்கில் பொட்டுப் பொட்டாக வைத்தார். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. வெல்டிங்கின் வெளிப்பக்கம் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசி, காயவிட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெய் ஊற்றிச் சாய்த்து வைத்தார். மண்ணெண்ணெய் எந்த ஊசி ஓட்டையையும் கண்டுபிடித்துவிடும். கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரே ஒரு இடத்தில் கடுகளவு ஈரம் தெரிந்து, மெல்ல விரிந்தது. அதைச் சுரண்டி, மறுபடி ஒரு பொட்டு, மறுபடி சுண்ணாம்பு. இரண்டாவது முறை காய்ந்தது காய்ந்தபடியே இருந்தது. எந்த மெஷினும் இல்லாமல் செய்யும் இந்தச் சோதனையை நான் இதற்கு முன் ஆயில் டேங்க் செய்பவர்களிடம்தான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கூடவே பார்க்க வேண்டும். பழைய இன்ஜினில் பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த காற்று கிராங்க்கேஸுக்குள் நுழையும். அதை வெளியேற்றும் பிரீத்தர் குழாய் அடைத்திருந்தால் அந்தக் காற்று சம்ப்பில் அழுத்தமாக நிற்கும், டர்போவிலிருந்து ஆயில் இறங்க முடியாது. பிரீத்தரைச் சுத்தம் செய்யாமல் டர்போ போடுவதில் அர்த்தமே இல்லை.

காற்றுப் பக்கம் சுலபம்தான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 0.7 பார் பூஸ்ட்டில் 35 டிகிரிக் காற்று கம்ப்ரசரிலிருந்து வெளிவரும்போது 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஆகவே அதை ஆற்ற ஒரு இன்டர்கூலர். தோப்பு வண்டி மெதுவாகத்தான் போகும், காற்று அடிக்காது. எனவே ரேடியேட்டரின் ஃபேன் இழுக்கும் இடத்திலேயே, ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தோம். பழைய இன்டர்கூலர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த வண்டியின் டர்போ நொறுங்கியிருந்தால், அலுமினியத் துகள்கள் இன்டர்கூலருக்குள் இருக்கும். கழுவிக் கழுவி, வெளிவரும் டீசலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். குழாய்களின் ஓரத்தில் வெல்டிங்கால் சுற்றிலும் ஒரு மேடு வைத்தால்தான் பூஸ்ட்டில் ஹோஸ் நழுவாது. எல்லாம் பூட்டியதும் ஒரு முனையை மூடி, மறுமுனையில் ஒரு மூடியில் சைக்கிள் டியூப் வால்வைப் பொருத்தி, பம்ப்பால் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம்.

டீசல் பம்ப்பை நான் தொடவில்லை. டர்போவுக்கு ஏற்ப பம்ப்பில் பூஸ்ட்டைப் பார்த்து டீசலைக் கூட்டுகிற டயஃப்ரம் வேண்டும். பூஸ்ட் வராதபோதும் டீசலைக் கூட்டிவைத்தால் கரும்புகைதான் மிஞ்சும், டீசலும் வீண். அதைக் கண்ணால் பார்த்து ஸ்க்ரூ திருப்புவதைவிட பம்ப் பெஞ்ச் வைத்திருப்பவரிடம் கொடுப்பதே சரி. நான் செய்த வேலை வேறு. மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்னால், ஒரு நட்டை வெல்டிங் செய்து, சூட்டை அளக்கும் கே டைப் தெர்மோகப்பிள் மாட்டினேன். டாஷ்போர்டில் பூஸ்ட் மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எக்ஸாஸ்ட் சூட்டு மீட்டர் கட்டாயம் வேண்டும். 700 டிகிரியைத் தொட்டால் காலை எடுத்துவிட வேண்டும் என்று மாமாவிடமும் டிரைவரிடமும் சொல்லி, மீட்டரில் சிவப்புக் கோடும் ஒட்டியிருக்கிறேன். ஏற்றத்தில் ஓட்டுபவருக்கு இன்ஜினின் உடம்பு நிலையைச் சொல்லும் ஒரே கருவி அது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் வாயில் புது ஆயில் ஊற்றி வீலைக் கையால் சுற்றினோம். பிறகு டீசலை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஆயில் லைட் அணையும் வரை ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டு ஓட்டினோம். இன்னொரு ஆளைக் காற்று வாய்க்குப் பக்கத்தில் ஒரு தடித்த பலகையோடு நிற்க வைத்தேன். டர்போ ஆயிலைக் கக்கினால் டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்து ஓட ஆரம்பித்துவிடும். சாவியை அணைத்தாலும் நிற்காது, ஆர்.பி.எம் ஏறிக்கொண்டே போய் இன்ஜின் வெடித்துவிடும். காற்றை அடைப்பது ஒன்றே வழி. கையாலோ துணியாலோ அடைக்கப் போகக் கூடாது, உள்ளே இழுத்துவிடும். பலகைக்கு வேலை வரவில்லை. ஆனாலும் இந்தப் பலகை இல்லாமல் யாரும் முதல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

இதைப் படித்துவிட்டு ரோட்டில் ஓடும் வண்டிக்குச் செய்ய நினைப்பவர்கள் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். கமாண்டர் தோப்பின் கேட்டைத் தாண்டுவதில்லை.

இப்போது அதே ஏற்றத்தில் அதே டிரெய்லரோடு இரண்டாவது கியரில் நிதானமாக ஏறுகிறது. 1800 ஆர்.பி.எம் பக்கம் விசில் சத்தம் எழும்போதே இழுவையும் வந்துவிடுகிறது. சூட்டு மீட்டர் முழுச் சுமையிலும் சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. மேலே போய் நிறுத்தியதும் உடனே அணைக்காமல் கொஞ்சம் ஐடிலில் ஓடவிடுகிறார்கள், டர்பைனின் சூடு இறங்கி, ஆயில் கருகாமல் இருக்க. சில முறை சூடாகி ஆறிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி இறுக்கினோம். எதிர்பார்த்தபடி அந்த மூன்றாவது நட்தான் அதிகம் தளர்ந்திருந்தது, ஸ்பேனருக்கு விட்ட இடம் உதவியது.

மைல்டு ஸ்டீல் நிரந்தரம் இல்லை. சூட்டில் செதில் செதிலாக உதிரும், சில வருடத்தில் சுவர் மெலியும். அதனால் இந்த மேனிஃபோல்டையே மாதிரியாக வைத்து எஸ்ஜி இரும்பில் (எளிதில் வெடிக்காத வார்ப்பிரும்பு) ஒன்று வார்த்துவிடலாம் என்று இருக்கிறோம். பம்ப் செட் வார்க்கும் ஃபவுண்டரிகள் நிறைந்த ஊரில் அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பேட்டர்ன் செய்பவரிடம் வரைபடத்தைக் கொடுத்தபோது, உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் மரத்தில் எல்லா அளவையும் நூற்றுக்கு ஒன்று கூட்டித்தான் செதுக்குவேன் என்றார். ஃபிளேஞ்ச் முகங்களில் மட்டும் இழைப்பதற்காக மூன்று மில்லிமீட்டர் அதிகம் விடச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது நட்டுக்குப் பக்கத்தில் குழாயை இன்னும் கொஞ்சம் வளைத்து, சாக்கெட் ஸ்பேனரே நுழையும்படி வரைபடத்தைத் திருத்திக் கொடுத்தாயிற்று.